பழைய தாமான் வீட்டில் இடம் கூட்ட: பழுதுபார்ப்பா, பின்பக்கமா, மாடியா?

பேராக் மாநிலத்தின் பீடோர், தாப்பா வட்டாரத்துப் பழைய தாமான் குடியிருப்புகளில் மாடியில்லா வரிசை வீடுகள் பெரும்பாலும் ஓர் அச்சில் வார்த்தவைதான். உதாரணத்துக்கு 20க்கு 60 அடி மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னால் கார் நிற்க 20 அடி, நடுவில் 30 அடி வீடு, பின்னால் 10 அடி வெற்றிடம். வேலிச் சுவருக்கு அப்பால் சாக்கடையும் பின் லோரோங்கும், அதாவது பின் சந்தும். தோட்டத்து லயத்தைக் காலி செய்து வந்த அப்பா அம்மாவுக்கு ஓர் அறை வேண்டும். குசினியில் இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும். கூரையும் ஒழுகத் தொடங்கியிருக்கும். மூன்றும் ஒரே வருடத்தில் வந்து சேர்வதுதான் வழக்கம்.

அப்போது காண்ட்ராக்டர் சொல்வது அநேகமாக இப்படி இருக்கும்: "அண்ணே, சின்ன வேலைதானே, பெர்மிட்லாம் வேணாம்லா. ரெண்டு வாரத்துல முடிச்சிரலாம்." அவர் முடித்துவிட்டுப் போய்விடுவார். ஊராட்சி மன்றத்து நோட்டீஸ் வந்தால் அதில் இருக்கப்போவது வீட்டுக்காரர் பெயர்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த அளவு வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டுவதே நல்லது, ஆனால் பாதி அகலத்துக்கு மட்டும். மீதிப் பாதியைத் திறந்த வானமாக விட்டுவிட வேண்டும். முழு அகலத்தையும் மூடியவர்கள் கூட்டிய இடத்தைவிடக் கெடுத்த இடம் அதிகம். காரணம் கீழே கணக்கோடு வருகிறது.

பழுதுபார்ப்பு எங்கே முடிகிறது

பெர்மிட் வேண்டுமா வேண்டாமா என்பது செலவைப் பொறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 30,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) டைல்ஸும் கேபினட்டும் போட்டாலும் கட்டட அனுமதி தேவைப்படாமல் போகலாம். 3,000 வெள்ளிக்கு இரண்டு சுவருக்கு நடுவே பாலிகார்பனேட் தகடு போட்டால் தேவை.

தீபகற்ப மலேசியாவில் இதற்கு அடிப்படை 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது சட்டம் 133. அதன் 70ஆவது பிரிவு, மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. எழுப்புவது என்றால் என்ன என்பதை அதே பிரிவின் 17ஆவது உட்பிரிவு நீளமாக அடுக்குகிறது. இருக்கும் வீட்டில் புது அஸ்திவாரம் போடுவது, பழைய அஸ்திவாரத்தின் மேல் சுவரைப் புதிதாகவோ கூடுதலாகவோ ஏற்றுவது, சுவர்களுக்கு நடுவே உள்ள திறந்த வெளிக்குக் கூரை போடுவது, சாக்கடை, கழிவுநீர், காற்றோட்ட விதிகளை மீறும்படி மாற்றுவது எல்லாம் எழுப்புவதுதான். குடியிருக்கும் வீட்டை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதும் அதில் சேரும். ஹாலை மளிகைக் கடையாக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வெளிச்சுவரையோ பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரையோ ஒரு மாடி உயரத்துக்குப் புதுப்பித்தால், பழுதுபார்ப்பு என்ற பெயரில் செய்தாலும் அது எழுப்புவதாகவே கொள்ளப்படும். சுவர் மரமா, கல்லா என்பது பொருட்டில்லை. கரையான் அரித்த பலகைச் சுவரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் செங்கல் சுவர் வைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

ஆகவே வேலை தொடங்குமுன் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: அஸ்திவாரம், வெளிச்சுவர், திறந்த வெளி, சாக்கடை ஆகிய நான்கில் எதையாவது தொடுகிறோமா? தொட்டால் மன்றத்துக்குப் போக வேண்டும். தொடாவிட்டாலும் உங்கள் மன்றத்தின் சீரமைப்பு வழிகாட்டியைக் கவுண்டரில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். உள்வேலைக்கும் தகவல் தரச் சொல்லும் மன்றங்கள் உண்டு. பீடோருக்கு அது தாப்பா மாவட்ட மன்றம். மாநிலத்துக்கு மாநிலம் கட்டணம், முன்பணம், எல்லையிலிருந்து விட வேண்டிய தூரம் எல்லாம் மாறும். ஈப்போவில் இருக்கும் மச்சான் சொன்ன தொகையை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள்.

வழி ஒன்று: இருப்பதைச் சரிசெய்வது

கூரை, ஒயரிங், சீலிங், குழாய், உள்தடுப்பு. கையில் பணம் குறைவென்றால் இது போதும். ஆனால் பெர்மிட் இல்லாத வேலையில் பிழை நடக்காது என்று யாரும் நினைக்கக் கூடாது.

கூரையை எடுத்துக்கொள்வோம். பழைய மலிவு விலை வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் தகடுகள் இருக்கும். அதை மாற்றும்போது, பக்கத்து வீட்டைப் பார்த்து கான்கிரீட் ஓட்டுக்கு ஆசைப்படுவார்கள். அஸ்பெஸ்டாஸ் தகட்டின் எடை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 16 கிலோ. கான்கிரீட் ஓடு 45 முதல் 50 கிலோ. இந்த வீட்டின் கூரைப் பரப்பு, இறவாரத்தோடு சேர்த்து, சுமார் 65 சதுர மீட்டர். பழைய மரச்சட்டங்களின் தலையில் கூடுதலாக 2 டன் ஏறுகிறது. முதல் வருடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் முகட்டு வரிசை நடுவில் தொங்கும், ஓடுகளின் இணைப்பு விலகும், ஒழுகல் திரும்ப வரும். மெட்டல் டெக் என்ற மடிப்புத் தகடு சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில்தான் நிற்கும். மழைச் சத்தத்துக்கு அடியில் காப்புப் பஞ்சு போட்டுக்கொள்ளலாம். ஆனால் லேசான கூரை காற்றில் தூக்கும், ஆகவே சட்டங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்ட வேண்டும்.

அஸ்பெஸ்டாஸை உடைத்துக் கீழே தள்ளுவதும், கிரைண்டரால் அறுப்பதும் கூடவே கூடாது. அந்த நார்த்தூசு நுரையீரலில் தங்கிவிடும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, தகட்டை முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டும். அஸ்பெஸ்டாஸ் தூசும் நாரும் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு ஒழுங்குமுறையில் எஸ்.டபிள்யூ. 201 என்ற எண்ணில் வருகின்றன. கட்டடக் கழிவு அள்ளும் ரோரோ தொட்டியில் கல்லோடு கல்லாகக் கலந்து அனுப்புகிற சரக்கில்லை அது.

சுவர் வெடிப்பைப் பூசி மறைப்பதற்கு முன் அது நகர்கிறதா என்று பாருங்கள். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு வெயில் காலமும் ஒரு மழைக் காலமும் போகட்டும். முனை தாண்டி ஓடினாலோ, அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, செங்கல் வரிசையைப் படிக்கட்டுபோல் பிளந்துகொண்டு போனாலோ பூச்சுக்காரரைக் கூப்பிடக் கூடாது, இஞ்சினியரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஒயரிங்கை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒயர்மேன் செய்ய வேண்டும். முடிந்ததும் ஜி பாரமும் எச் பாரமும் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவது வேலையை மேற்பார்வை செய்து முடித்ததற்கு, இரண்டாவது சோதனை செய்ததற்கு. குளியலறைச் சுடுநீர்ப் பெட்டிக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுப் பாதுகாப்பு தனியாக வேண்டும். வீட்டுக்கே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் 100 மில்லி ஆம்பியர் என்றால் அது குளிக்கிறவரைக் காப்பாற்றப் போதாது.

வழி இரண்டு: முன்பக்கப் போர்ச்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். காருக்கு நிழல் கிடைக்கும், அறை கிடைக்காது. நான்கு கேள்வியில் திறந்த வெளியைத் தொடுவதால் அனுமதி வேண்டும். பல மன்றங்களில் இது சிறு பெர்மிட்டில் அடங்கும். உயரம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. கெட்டுப்போவது மூன்று இடத்தில்: தூண் இல்லாமல் பழைய இறவாரப் பலகையில் தொங்கவிட்டு, அது பலகையைப் பிடுங்கிக்கொண்டு வருவது, மழைநீர் அண்டை வீட்டு முற்றத்தில் விழுவது, கேட்டுக்கு வெளியே நீட்டி மன்றத்துச் சாக்கடைக்கு மேல் போவது. கட்டடத் துணைவிதியின்படி கூரைத் தண்ணீரைக் கட்டர், குழாய் வழியாக உங்கள் சாக்கடைக்கே கொண்டுபோய் விட வேண்டும்.

வழி மூன்று: பின்பக்கம் கூட்டுவது

நான்கு கேள்விக்கும் ஆமாம் என்று பதில் வரும் வேலை இது. இங்கே பொருந்துவது 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகள். வீட்டின் முதல் அறை குறைந்தது 11 சதுர மீட்டர், இரண்டாவது 9.3, மற்றவை 6.5. குசினி 4.5. அறையின் அகலம் 2 மீட்டருக்கும் குசினியின் அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறையக் கூடாது. உயரம் அறைக்கு 2.5 மீட்டர், குசினிக்கு 2.25. ஒவ்வோர் அறைக்கும் அதன் தரைப் பரப்பில் 10 விழுக்காடு ஜன்னல், அதில் பாதி, அதாவது 5 விழுக்காடு, காற்று தடையில்லாமல் போகும் திறப்பு.

இப்போது பின் படுக்கையறையைப் பாருங்கள். 9.3 சதுர மீட்டர் அறைக்கு 0.93 சதுர மீட்டர் ஜன்னல் வேண்டும். இருக்கும் 4க்கு 3 அடி நாக்கோ (கண்ணாடிப் பட்டை) ஜன்னல் 1.1 சதுர மீட்டர் வரும், சரியாகத்தான் கட்டியிருக்கிறார்கள். பின்னால் இருக்கும் 10 அடியையும் முழு அகலத்துக்கு மூடிக் குசினி கட்டினால், அந்த ஜன்னல் இனி வானத்தைப் பார்க்காது, அடுப்பைப் பார்க்கும். சாம்பார் தாளித்த வாசனை தலையணை வரைக்கும் வரும். குளியலறைக்கு வேண்டிய 0.2 சதுர மீட்டர் திறப்பும் போய்விடும். சுவரில் பூஞ்சை பிடித்த பிறகு எக்ஸாஸ்ட் காற்றாடி வாங்கி மாட்டுவது அங்கிருந்து தொடங்குகிற செலவு.

துணைவிதி இதற்கு வழியும் சொல்கிறது. இரண்டு தளம் வரையுள்ள கட்டடத்தில் காற்றுக் கிணறு, அதாவது காற்றும் வெளிச்சமும் வர வானம் பார்த்து விடும் வெளி, குறைந்தது 7 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 2.5 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நம் மனையில் பின்வெளி 6.1 மீட்டர் அகலம், சுமார் 2.9 மீட்டர் ஆழம். படுக்கையறைப் பக்கம் 2.5 மீட்டரைத் திறந்து விட்டால் 7.25 சதுர மீட்டர், விதிக்குப் போதும். மீதி 3.6 மீட்டர் அகலத்தில், பழைய குசினிக்கு நேர் பின்னால், சுவர்த் தடிப்புப் போக 3.3க்கு 2.8 மீட்டர், அதாவது 9.2 சதுர மீட்டர் புதுக் குசினி வரும். விதி கேட்பதைப்போல் இரண்டு மடங்கு.

அறை எங்கே என்று கேட்பீர்கள். பழைய குசினியும் புதுக் குசினியும் ஒரே நீள இடமாகிவிடுவதால் சாப்பாட்டு மேசை ஹாலிலிருந்து உள்ளே வந்துவிடும். ஹாலின் முன்மூலையில் 2.6க்கு 2.5 மீட்டர் அறை ஒன்றை லேசான தடுப்பால் பிரித்துவிடலாம்; முன் ஜன்னல் அதற்குள் வருகிறதா, மீதி ஹாலுக்கு 11 சதுர மீட்டரும் வெளிச்சமும் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். அந்த முன் அறையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். குளியலறையை ஒட்டிய பின் அறை பெரியவர்களுக்கு. இரவில் மூன்று முறை எழுந்து போகிறவரை வீட்டின் மறுமுனையில் படுக்க வைப்பது வசதி இல்லை.

ஒருங்கிணைந்த குசினிக்கும் வெளிச்சக் கணக்கு உண்டு. பழைய பகுதி 7.2, புதியது 9.2, மொத்தம் 16.4 சதுர மீட்டர். 1.64 சதுர மீட்டர் ஜன்னல் வேண்டும். காற்றுக் கிணற்றுப் பக்கம் ஒன்று, பின் லோரோங்கைப் பார்த்து ஒன்று என 4க்கு 3 அடியில் இரண்டு வைத்தால் தாராளம். நடுவில் உள்ள பழைய வெளிச்சுவரை எவ்வளவு திறக்கலாம் என்பதை மட்டும் இஞ்சினியரிடம் விட்டுவிடுங்கள். சில பழைய வீடுகளில் தூணே இருக்காது, செங்கல் சுவர்தான் கூரையைத் தாங்கும். ஜன்னலைக் கழற்றி அதன் அகலத்துக்குள் கீழே வெட்டினால் மேலே இருக்கும் லிண்டல் என்ற விட்டம் காப்பாற்றும். அதைத் தாண்டி வெட்டினால் புது உத்தரமும் முட்டும் வேண்டும்.

அடுத்தது மண். பீடோர் வட்டாரத்தில் ஈயம் தோண்டிய நிலமும் உண்டு, ரப்பரும் செம்பனையும் நட்டிருந்த நிலமும் உண்டு. ஈயக் கழிவில் மணல் திட்டு ஒருபுறம் உறுதியாக நிற்கும், பத்தடி தள்ளிச் சேற்றுக்களி வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டிருக்கும். தோட்ட நிலத்தில் புதைந்த மரக்கட்டை உளுத்து மேலே உள்ள மண் உட்காரும். ஆகவே மெக்கின்தோஷ் புரோப் சோதனை ஒன்றாவது செய்துகொள்ளுங்கள். 5 கிலோ சம்மட்டியை 280 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, கம்பி ஒவ்வோர் அடி ஆழம் இறங்க எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணுவார்கள். 400 எட்டினால் நிறுத்துவார்கள். மொத்தச் செலவில் இது சிறு தொகை. ஆழமற்ற அஸ்திவாரம் போதுமா, பாக்காவ் என்ற அலையாத்தி மரக் கம்பம் இறக்க வேண்டுமா என்பதை இந்த எண்ணிக்கை சொல்லிவிடும். பாக்காவ் மரம் நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே ஈரத்திலேயே இருந்தால் நிலைக்கும். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் ஆழத்தில் உளுத்துவிடும்.

பழைய வீடு இறங்க வேண்டிய அளவு ஏற்கெனவே இறங்கி முடித்திருக்கும். புதுப் பகுதி இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் கம்பி போட்டுப் பூட்டினால் இறங்குகிறது நிற்கிறதை இழுக்கும், கிழிவது சுவர். மெத்தென்ற மண்ணில் இரண்டுக்கும் நடுவே 12 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, இளகும் சீலண்டால் அடைத்து, மேலே தகர மடிப்பு போட்டு மூடுவதுதான் சரி. டைல்ஸையும் அந்த இடைவெளியைக் கடந்து ஒட்டக் கூடாது. பார்வைக்கு ஒரு கோடு தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

பக்கச் சுவர் இன்னொரு பெரிய தப்பு நடக்கிற இடம். ஏற்கெனவே நிற்கும் வேலிச் சுவரின் மேல் நாலு வரிசை கல் ஏற்றிக் கூரையைத் தாங்க வைப்பார்கள். அது வேலிக்காகப் போட்ட மெல்லிய அஸ்திவாரம், பாதி அண்டை வீட்டுக்காரருடையது. பகிரும் சுவர் பொதுவாக 200 மில்லிமீட்டர் கனம் வேண்டும், கூரைக்கு மேல் 225 மில்லிமீட்டர் எழும்ப வேண்டும் என்பது துணைவிதி. ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவாமல் இருக்கத்தான் அது. வெவ்வேறு காலத்தில் கட்டினால் 100 மில்லிமீட்டர் சுவர் இரண்டு சேர்ந்தும் அந்தக் கனத்தை நிரப்பலாம். எனவே வேலிச் சுவரைத் தொடாமல் உங்கள் மனைக்குள் உங்கள் சுவரைத் தனி அஸ்திவாரத்தில் எழுப்புங்கள். நாளைக்குப் பக்கத்து வீட்டு அக்கா கட்டும்போது அவர் சுவரை அவர் எழுப்பிக்கொள்வார். நாலு அங்குலம் போகிறதே என்று வருத்தப்படுவார்கள். சண்டை போகிறதே என்று நினைத்துக்கொள்ளலாம். 3.05க்கு 2.6 மீட்டர் சுவருக்குச் சதுர மீட்டருக்கு 60 கல் வீதம் 475, உடைசலோடு 500 செங்கல். நாலு வரிசைக்கு ஒரு முறை வலைக்கம்பி, தரைமட்டத்துக்கு 150 மில்லிமீட்டர் மேலே ஈரத்தடுப்புப் படலம்.

கூரைச் சரிவையும் முன்பே வரைந்து பாருங்கள். பழைய இறவாரம் 2.6 மீட்டரில் இருந்தால், 10 பாகைச் சரிவில் 3.05 மீட்டர் போவதற்குள் அரை மீட்டருக்கு மேல் இறங்கி, கடைசி முனை 2.06 மீட்டரில் நிற்கும், குசினிக்கு வேண்டிய 2.25 கிடைக்காது. மெட்டல் டெக் 5 பாகையிலும் தண்ணீரை வடிக்கும், முனை 2.33 மீட்டரில் நிற்கும். ஓட்டுக்கு அந்தச் சரிவு போதாது, தண்ணீர் பின்வாங்கி உள்ளே வரும்.

இன்னும் செப்டிக் டேங்க் இருக்கிறது. பழைய தாமானில் அது பெரும்பாலும் பின்வெளியில்தான் கிடக்கும். அதன் மேல் தூண் வைக்க முடியாது, மூடியை டைல்ஸால் மூடவும் கூடாது. இண்டா வாட்டர் லாரி கசடு உறிஞ்ச வரும்போது மூடி திறக்க வேண்டும், குழாய் எட்ட வேண்டும். பாதி அகலம் மட்டும் கட்டுவதில் இங்கேயும் ஒரு லாபம் இருக்கிறது. டேங்க் படுக்கையறைப் பக்கம் இருந்தால் அது காற்றுக் கிணற்றுக்குள் விழும், பிரச்சினை இல்லை. குசினிப் பக்கம் இருந்தால் கட்டுவதற்கு முன்னரே இடம் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் அந்தக் காற்றுக் கிணறு. வேலை முடிந்து ஆறு மாதத்தில், துணி நனைகிறது என்று அதற்கும் பாலிகார்பனேட் போடும் ஆசை வரும். திறந்த வெளிக்குக் கூரை போடுவது என்று சட்டம் சொல்வது அதைத்தான். துணிக்கு மடக்குக் கொடி போதும்.

வழி நான்கு: மாடி

மாடி கட்டினால் இடம் நிறையக் கிடைக்கும். செலவும் அதே வேகத்தில் ஏறும். தரைத்தளத்துக்கு மட்டும் போட்ட அஸ்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்கும் என்று யாராவது வாயால் சொன்னால் நம்ப வேண்டாம். பழைய பிளானும் கணக்கும் கிடைத்தால் இஞ்சினியர் பார்த்துச் சொல்லட்டும். கிடைக்காவிட்டால் பழைய வீட்டை ஊடுருவிப் புதுத் தூண்கள், புது அஸ்திவாரம் என்றுதான் போக வேண்டும்.

படிக்கட்டை அளந்து பார்த்தாலே பாதி ஆசை அடங்கிவிடும். ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதிபடும் அகலம் 255க்குக் குறையக் கூடாது. தரையிலிருந்து மாடித்தளம் 3 மீட்டர் என்றால் 17 எழுப்பு, 16 மிதி, நீளம் 4 மீட்டருக்கு மேல். 30 அடி வீட்டில் அது ஓர் அறையைத் தின்றுவிடும். முழங்கால் வலிக்காரர்கள் இருக்கும் வீட்டில் மாடி அறை பெரியவர்களுக்கும் உதவாது.

இதற்கு முழுப் பிளான் போட வேண்டும். சமர்ப்பிப்பவர் ஆர்க்கிடெக்ட், இஞ்சினியர், அல்லது சிறு கட்டடமென்றால் பதிவு பெற்ற பிளான் வரைவாளர். மன்றத்தின் ஓ.எஸ்.சி. என்ற ஒரே இடச் சேவை மையம் வழியாகப் போகும். 2007 முதல், மன்றமே குடிபுகச் சான்று தந்த பழைய சி.எஃப். முறைக்குப் பதிலாக சி.சி.சி. என்ற கட்டி முடித்த சான்று வந்திருக்கிறது. ஜி 1 முதல் ஜி 21 வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் பொறுப்பானவர்கள் கையெழுத்திட்ட பிறகு, சமர்ப்பித்தவரே எஃப் பாரத்தில் சான்று தருகிறார். மலிவுக்கு வரைந்து கொடுத்துவிட்டு மேற்பார்வைக்கு வராதவரைப் பிடித்தால் இந்தக் கட்டத்தில் வேலை நின்றுவிடும். மூன்று பிள்ளைகள், கெட்டி மண், வங்கிக் கடன் என்ற மூன்றும் சேர்ந்த வீட்டுக்குத்தான் மாடி சரிப்படும்.

முதலில் கட்டு, அப்புறம் பிளான்

இதையும் ஒரு வழியாகச் சொல்கிறவர்கள் உண்டு. 70ஆவது பிரிவை மீறிக் கட்டினால் தண்டனை 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 3 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். தீர்ப்புக்குப் பிறகும் குற்றம் தொடர்ந்தால் நாளுக்கு 1,000 வெள்ளி. இடிக்கவும் உத்தரவு வரலாம். உச்சத் தண்டனை எல்லோருக்கும் விழுவதில்லை என்பது உண்மை. ஆனால் பிறகு பிளான் போடும்போது அஸ்திவாரமும் கம்பியும் கான்கிரீட்டுக்குள் மறைந்திருக்கும். பார்க்காததற்குக் கையெழுத்துப் போட எந்த இஞ்சினியரும் தயங்குவார். தோண்டிக் காட்டச் சொல்வார், அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். காற்றுக் கிணறு விடாமல் கட்டியிருந்தால் ஒரு பகுதியை இடித்தால்தான் பிளானே நிற்கும்.

தோட்டத்து லயத்தில் இன்னும் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. வீடு நிர்வாகத்தினுடையது, பழுதுபார்க்கும் பொறுப்பும் தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டின் சட்டம் 446இன்படி முதலாளியுடையது. சொந்தக் காசில் சுவர் எழுப்பாதீர்கள், புகாரை எழுதிக் கொடுங்கள். தற்காலிக உரிமம், அதாவது டி.ஓ.எல். நிலத்தில் இருப்பவர்களின் உரிமம் வருடக் கடைசியோடு முடிந்து புதுப்பிக்கப்படுவது. அங்கே கான்கிரீட் கொட்டுவதைவிடக் கழற்றி எடுத்துப் போகக்கூடிய மெட்டல் டெக், இரும்புச் சட்டம் நல்லது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் முதலில் நிர்வாகக் குழுவிடம் போக வேண்டும்.

கவுண்டருக்குப் போகும்போது

கிராண்ட் (நிலப்பட்டா) நகல், அடையாளக் கார்டு நகல், பாக்கியில்லாத மதிப்பீட்டு வரி ரசீது, மனையின் நான்கு பக்கமும் எடுத்த படம், வரைபடம், அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதம். இவை பெரும்பாலும் எங்கும் கேட்பவை. வரி பாக்கி இருந்தால் பைல் அங்கேயே நிற்கும், அதை முதலில் கட்டிவிடுங்கள். கிராண்டில் நிலத்தின் நிபந்தனையையும் படியுங்கள். வீடு கடனில் இருந்தால் வங்கிக்கும் எழுதிக் கேளுங்கள். வரைபடத்தில் இருப்பது, இடிப்பது, புதிதாக வருவது மூன்றும் வேறு வேறாகத் தெரிய வேண்டும். செப்டிக் டேங்க்கும் சாக்கடை ஓடும் திசையும் அதில் இருக்க வேண்டும். இவற்றை விட்டுவிட்டு வரைந்தால் பிளான் திரும்பி வரும்.

காண்ட்ராக்டருக்குப் பணம் நாலு தவணையாகப் பிரித்துக் கொடுங்கள்: அஸ்திவாரம் முடிந்ததும், சுவர் முடிந்ததும், கூரை முடிந்ததும், கடைசியில் கழிவை அள்ளிச் சாக்கடையைச் சுத்தம் செய்ததும். மன்றத்தில் கட்டிய முன்பணம் திரும்ப வருவது அந்தக் கடைசி வேலையைப் பொறுத்தது. சாக்கடையில் சிமெண்ட் கட்டி கிடந்தால் அதில் பிடித்துக்கொள்வார்கள். கம்பி கட்டி முடிந்ததும், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், ஒவ்வொரு குழியையும் அளவு நாடா தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அந்தப் படங்கள், முத்திரை விழுந்த பிளான், ஒயரிங்கின் ஜி, எச் பாரங்கள் எல்லாம் கிராண்ட் இருக்கும் அதே பையில் போகட்டும். வீட்டை விற்கும்போது அனுமதியில்லாத பகுதியை வங்கியின் மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் போகலாம். அப்போது எடுத்துக் காட்ட வேண்டியது இந்தப் பைதான்.